செருப்பிலிருந்து மணல் தட்டுக்கு

மழைக்கு ஒதுங்கி மாடிப்படிக்குக் கீழே கத்திக்கொண்டிருந்த பூனைக்குட்டியைத் தூக்கி வந்தபோது அதற்கு ஆறு வாரம் இருக்கும். முதல் மூன்று நாள் சமையலறை மூலை, மடித்து வைத்த போர்வை, என் செருப்பு என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. பூனை ஒன்றுக்கு, இரண்டுக்குப் போவதற்கென்று கடையில் வாங்கிய லிட்டர் பெட்டி மட்டும் சுத்தமாக இருந்தது!

அப்புறம்தான் உற்றுப் பார்த்தேன். பெட்டியின் விளிம்பு அதன் தலைக்கு மேலே நிற்கிறது. எப்படி ஏறும்? காய்கறி வைக்கும் தட்டையான பிளாஸ்டிக் ட்ரே ஒன்றில் சலித்த மணலை இரண்டு அங்குலம் பரப்பினேன். ஈரம் பட்டால் கட்டியாகும் லிட்டர் துகளை ஒதுக்கிவிட்டேன். இந்த வயதுக் குட்டி எதையும் வாயில் போட்டுப் பார்க்கும். உள்ளே போனால் குடலை அடைத்துவிடலாம்.

சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலும், தூங்கி எழுந்த உடனேயும் தூக்கி மணலில் விட்டேன். முன்னங்காலைப் பிடித்துத் தோண்டிக் காட்டியது வீண், மிரண்டு ஓடியது. நானே விரலால் லேசாகக் கிளறினேன். அந்தச் சரசரப்புக்குத் திரும்பி வந்துவிட்டது. மூத்திரம் துடைத்த காகிதத் துண்டையும் மணலிலேயே போட்டுவைத்தேன். வாடைதான் அதற்கு முகவரி.

சமையலறை மூலை மட்டும் மசியவில்லை. பினாயில் ஊற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன், அது பூனைக்கு நஞ்சு என்று கால்நடை மருத்துவர் அதட்டும்வரை. பிறகு வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்து, அதே இடத்தில் சாப்பாட்டுக் கிண்ணத்தை வைத்தேன். தின்னும் இடத்தை அசிங்கப்படுத்த அதற்கு மனசு வரவில்லை.

ஐந்தாம் நாளோடு தொல்லை விட்டது. செருப்பை மட்டும் இன்னும் அலமாரி மேலேதான் வைக்கிறேன்.