ரொட்டி மாவுல ட, ப, ம

தரம் ஒன்னுக்கு புதுசா போற புள்ளைங்கள வச்சிருக்கிற அம்மாமாருக்கு ஒரு விஷயம். வந்ததுமே 247 எழுத்தையும் கொப்பில எழுத வைக்காதீங்க, பாவம் அந்தப் பிஞ்சு விரல் வலிக்கும். அ ரொம்ப சுழியுற எழுத்து, ட அப்பிடியில்ல, கீழ ஒரு கோடு பக்கத்துல ஒரு கோடு அவ்வளவுதான், அதையே மேல இழுத்தா ப, ப நுனிய உள்ளுக்கு சுழிச்சா ம. அதனால மொதல்ல இந்த மூனையும் பழக்குங்க.

நான் மலையில வேல முடிஞ்சு வந்து அந்திக்கு ரொட்டி சுட கோதும மா எடுக்கிறப்போ தட்டுல கொஞ்சம் பரப்பி மகள்கிட்ட குடுத்துருவேன், கைய கழுவிட்டு விரலால எழுதுவா, பிழைச்சா தட்ட லேசா ஆட்டினா அழிஞ்சிரும், ரப்பர் தேவையில்ல. பட்டம், படம், மடம் மூனும் இப்ப அவளே வாசிக்கிறா. பென்சில் அப்புறமா குடுங்க.