தூரத்தைப் பார்த்துக் கேமரா வாங்குங்கள்

"நல்ல கைபேசி வாங்கட்டுமா, கையடக்கக் கேமரா வாங்கட்டுமா மாமா?" என்று தங்கை மகன் கேட்டான். "நீ எடுக்கப்போகும் பொருள் எவ்வளவு தூரத்தில் நிற்கும்? அதை முதலில் சொல்" என்றேன். என் அனுபவத்தில் மற்ற கேள்விகள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

கம்பம் பக்கம் எங்களுக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம். மழை பிடித்துக்கொண்டால் இலையின் அடியில் வெள்ளையாகப் பூஞ்சணம் படரும்; அடிச்சாம்பல் நோய். பந்தலுக்கடியில் நின்று இலையைத் திருப்பி, ஒரு சாண் தூரத்தில் கைபேசியைப் பிடித்தால் போதும், வெண்மை படர்ந்த இடம் துல்லியமாக விழுகிறது. நின்ற இடத்திலிருந்தே தோட்டக்கலை அலுவலருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன். பந்தலுக்குள் பொட்டுப் பொட்டாக விழும் வெயிலையும் கைபேசி சமாளிக்கிறது. ஒரு படத்துக்குப் பல படங்களை எடுத்துச் சேர்த்து, வெயிலையும் நிழலையும் சமன்செய்துகொள்கிறது. இதற்கெல்லாம் தனிக் கேமரா வாங்குவது வீண் செலவு.

குமுளி ஏறித் தேக்கடிப் படகில் உட்கார்ந்தால் கதை வேறு. 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையால் தேங்கிய நீர் அது. மூழ்கிய காட்டின் பட்டமரங்கள் இன்றும் நீருக்கு மேலே நிற்கின்றன, அவற்றில் நீர்க்காகங்கள் சிறகு உலர்த்துகின்றன. யானைக்கூட்டம் அக்கரையில். என் கைபேசியில் பத்து மடங்கு பெரிதாக்கி எடுத்தேன்; தண்ணீர் பட்டுக் கலங்கிய ஓவியம்போல ஒரு சாம்பல் திட்டுதான் வந்தது. டிஜிட்டல் ஜூம் என்பது படத்தின் நடுத்துண்டை வெட்டி ஊதிக் காட்டுவது. பக்கத்தில் இருந்தவரின் கேமராவில் 30 மடங்கு ஆப்டிகல் ஜூம், அதாவது லென்ஸே நகர்ந்து பெரிதாக்குவது. அதே யானையின் காதோரத்தில் காய்ந்து வெடித்த சேறு, அவர் திரையில் தெரிந்தது. தூரத்துப் படத்துக்கு ஜூம் கேமராதான் என்று அன்றைக்கே முடிவுசெய்தேன்.

ஆனால் ஜூம் கேமரா எல்லாவற்றிலும் உசத்தி என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வகை கேமராக்கள் பெரும்பாலானவற்றின் சென்சார், அதாவது வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லு, 6.2 மி.மீ.க்கு 4.6 மி.மீ. தான், விலை கூடிய கைபேசிகள் பலவற்றில் அதைவிடப் பெரியது இருக்கிறது. ஜூமை முழுதும் நீட்டினால் லென்ஸ் வழியே சென்சாருக்கு வரும் வெளிச்சமும் குறையும், சாயங்காலப் படத்தில் புள்ளி புள்ளியாய் இரைச்சல் ஏறும். ஒரு அங்குல சென்சார் என்று விற்பது 13.2க்கு 8.8 மி.மீ.; மங்கிய வெளிச்சத்துக்கு நல்லது, விலை அதிகம், ஜூம் பொதுவாகக் குறைவு. ஜூமும் இல்லாமல் சின்ன சென்சாரும் கொண்ட மலிவுக் கேமராவை வாங்கவே வாங்காதீர்கள். அது செய்வதை உங்கள் கைபேசி இன்னும் நன்றாகச் செய்யும்.

கடையில் பெட்டியைப் படித்து முடிவெடுக்க வேண்டாம். வாசலில் நின்று, தெருவுக்கு எதிர்ப்பக்கப் பலகையின் சின்ன எழுத்தை முதலில் உங்கள் கைபேசியில் எடுங்கள், அடுத்துக் கேமராவில். இரண்டையும் பெரிதாக்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உதிரி பேட்டரி கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

கேமராதான் என்று முடிவானால் ஒரு எச்சரிக்கை. ஏசி வண்டியில் வந்து குமுளியின் ஈரக்காற்றில் சட்டென்று வெளியே எடுத்தால் லென்ஸில் பனி படர்ந்துவிடும். நீளும் லென்ஸ் என்பதால் ஈரத்தோடு உள்ளே இழுத்துக்கொள்ளும். பையை மூடியபடியே அரைமணி நேரம் வைத்திருந்து, பிறகு திறங்கள்.