மியூனிக்கில் முதல் குடித்தனம்: சில ஆண்டுகளுக்கென்று செல்லும் புதுமணத் தம்பதியருக்கு

திருமணம் முடிந்த சில வாரங்களிலேயே ஜெர்மனியின் மியூனிக் நகருக்குப் புறப்படும் தமிழ்நாட்டுத் தம்பதியரைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். ஒருவருக்கு அங்கே கார் தயாரிப்பிலோ மென்பொருளிலோ வேலை உறுதியாகியிருக்கும். மற்றவர், பெரும்பாலும் மனைவி, ஊரில் பார்த்த வேலையை விட்டுவிட்டுக் குடும்ப விசாவில் உடன் வருவார். இரண்டு மூன்று ஆண்டுகள்தானே என்ற எண்ணத்தில் வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, இணைய இணைப்பு என அனைத்தும் வேலை பார்ப்பவர் பெயரிலேயே அமைந்துவிடும். உடன் வந்தவர் ஆறு மாதம் கழித்தும் தம் வீட்டிலேயே விருந்தாளியைப்போல் இருப்பார். தற்காலிக வாழ்க்கைதான் என்றாலும், குடித்தனத்தின் ஒவ்வொரு தாளிலும் இருவர் பெயரும் இருக்குமாறு முதல் மூன்று மாதங்களுக்குள் செய்துவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அதற்கான வழிகளைக் கீழே சொல்கிறேன்.

ஊரை விட்டுப் புறப்படும் முன்

தமிழ்நாட்டில் நடக்கும் எல்லாத் திருமணங்களையும் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டம் கூறுகிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பெறும் அந்தச் சான்றிதழ்தான் விசா, வரி, மருத்துவக் காப்பீடு மூன்றுக்கும் அடிப்படை. அதில் உள்ள பெயரும் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். நமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கமே கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தோடு வாழ்கிறோம். ஜெர்மானிய அலுவலகங்களோ குடும்பப் பெயரை வைத்தே மனிதரை அடையாளம் காண்கின்றன. திருமணமான கையோடு மனைவியின் கடவுச்சீட்டில் கணவர் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால், அவசரப்பட வேண்டாம் என்பேன். பட்டச் சான்றிதழில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் இன்னொரு பெயர் என்றானால் பின்னர் வேலை தேடும்போது ஒவ்வொரு இடத்திலும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

உடன் செல்பவரின் பட்டச் சான்றிதழ்கள், மதிப்பெண் பட்டியல்கள், அனுபவச் சான்றுகள் ஆகியவற்றின் மூலங்களைக் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். 'அனாபின்' என்ற, வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் ஜெர்மன் அரசுத் தரவுத்தளத்தில் அவர் படித்த பல்கலைக்கழகம் எந்த அங்கீகாரப் பிரிவில் வைக்கப்பட்டிருக்கிறது என்று ஊரிலேயே பார்த்துவிடலாம். உயர்கல்வி பெற்ற வெளிநாட்டுப் பணியாளருக்கான, நீல அட்டை எனப்படும் 'புளூ கார்ட்' அனுமதியில் செல்பவரின் துணைவருக்கு விசா பெற ஜெர்மன் மொழித் தேர்வு கட்டாயமில்லை. குடும்ப அனுமதியில் வருபவர் எந்த வேலையிலும் சேரலாம். சலுகை இருக்கிறதே என்று மொழியைத் தள்ளிப்போடாமல், விசாவுக்குக் காத்திருக்கும் மாதங்களில் ஏ1 என்னும் தொடக்க நிலையையாவது முடித்துக்கொண்டால், முதல் குளிர்காலம் பாதி எளிதாகிவிடும்.

பெட்டி கட்டும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் பால் பொருட்களையும் இறைச்சியையும் பயணப் பையில் கொண்டுவரக் கூடாது. அம்மா உருக்கிக் கொடுத்த நெய்யும் திருவில்லிபுத்தூர் பால்கோவாவும் இதில் அடங்கும். 2019 டிசம்பர் முதல் காய், கனி, பச்சிலைகளுக்குத் தாவர நலச் சான்றிதழ் தேவைப்படுவதால் கறிவேப்பிலைக் கட்டும் கூடாது. பருப்புப் பொடி, சாம்பார்ப் பொடி, எண்ணெயில் போட்ட ஊறுகாய் ஆகியவற்றை நன்றாகக் கட்டி எடுத்துச் செல்லலாம்.

பதிவும் வீடும்

வீட்டில் குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். 'ஆன்மெல்டுங்' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்டுத் தரும் குடியேற்ற உறுதிப் படிவம் இல்லாமல் இது நடக்காது. வாடகை ஒப்பந்தத்தை மட்டும் காட்டினால் ஏற்கமாட்டார்கள். ஆகவே முதல் சில வாரங்களுக்குத் தற்காலிக அறை எடுக்கும்போதே அந்தப் படிவம் தருவார்களா என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். படிவத்தில் இருவர் பெயரும் இருக்க வேண்டும். பதிவு நேரம் இணையத்தில்தான் கிடைக்கும். காலையில் அடிக்கடி பார்த்தால் யாரோ விட்டுக்கொடுத்த நேரம் அகப்படும். திருமணச் சான்றிதழையும் எடுத்துச் செல்லுங்கள். சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்த ஜெர்மன் மொழிபெயர்ப்பையும் சில இடங்களில் கேட்பார்கள்.

பதிவு முடிந்த அன்றே அஞ்சல் பெட்டியில் இருவர் பெயரையும் எழுதி ஒட்டுங்கள். ஜெர்மனியில் வீட்டு எண்ணோடு கதவு எண் இருக்காது. அஞ்சல்காரர் பெட்டியிலுள்ள பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். நம் வழக்கப்படி கணவருக்கும் மனைவிக்கும் கடைசிப் பெயர் வேறு வேறாக இருக்கும். எங்கள் முதல் ஆண்டில் என் மனைவியின் வரி எண் கடிதமும் காப்பீட்டு அட்டையும் பெட்டியில் பெயர் இல்லாத ஒரே காரணத்தால் திரும்பிப் போயின. அவற்றை மீண்டும் வரவழைக்க இரண்டு மாதம் ஆயிற்று.

வாடகை வீடு கிடைப்பது இந்நகரில் மிகக் கடினம். நகருக்குள் கிடைக்காவிட்டால் மனம் தளராமல் யூ6 சுரங்க ரயில் தடத்தில் கார்கிங், எஸ்1 புறநகர் ரயில் தடத்தில் உன்டர்ஷ்லைஸ்ஹைம், எஸ்8 தடத்தில் உன்டர்ஃபோரிங் போன்ற புறநகர்களையும் பாருங்கள். விளம்பரத்தில் குளிர் வாடகை, சூடு வாடகை என்று இரண்டு தொகை இருக்கும். சூடு வாடகையில்தான் வெப்பமூட்டலும் தண்ணீரும் பராமரிப்பும் சேர்ந்திருக்கும், மின்சாரம் பெரும்பாலும் அதிலும் சேராது. முன்பணம் மூன்று மாதக் குளிர் வாடகையைத் தாண்டக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. வீட்டைப் பார்க்கும் முன்னரே பணம் அனுப்பச் சொல்பவர் யாராக இருந்தாலும் மோசடிக்காரர் என்றே கொள்ளுங்கள். பல வீடுகளில் சமையலறை மேடையும் அடுப்பும் விளக்குகளும்கூட இருக்காது. குறுகிய காலத்துக்கு வருபவர்கள் வாடகை சற்றுக் கூடுதலானாலும் சமையலறையோடு கூடிய வீட்டைத் தேடுவதே நல்லது. ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திடுங்கள்.

பணமும் காப்பீடும்

வங்கியில் கூட்டுக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, இருவரில் யார் வேண்டுமானாலும் தனியாக இயக்கும் வகையைக் கேளுங்கள். அதோடு உடன் வந்தவருக்குத் தம் பெயரில் ஒரு கணக்கும் இருக்கட்டும். ஊருக்கு எவ்வளவு அனுப்புகிறோம், இரு வீட்டுக்கும் எவ்வளவு என்பதை முதல் மாதச் சம்பளம் வந்தவுடனேயே இருவரும் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. கல்யாணக் கடன் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

மாதச் சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்பதைத் தீர்மானிக்கும் வரி வகுப்பு, திருமணமானவர்களில் இருவருக்கும் நான்கு என்றே முதலில் அமையும். ஒருவர் மட்டும் சம்பாதிக்கும்போது மூன்று, ஐந்து என்று மாற்றிக்கொண்டால் மாதந்தோறும் கையில் வரும் தொகை கூடும். ஆனால் ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்வது கட்டாயமாகிவிடும். மனைவிக்கு வேலை கிடைத்ததும் ஐந்தாம் வகுப்பில் அவர் சம்பளத்தில் கணிசமான பகுதி வரியாகப் பிடிக்கப்படும். அதைக் கண்டு "இந்தச் சம்பளத்துக்கு ஏன் வேலைக்குப் போக வேண்டும்" என்று மனம் சோர்ந்தவர்களை அறிவேன். அதுமட்டுமல்ல, வேலையிழப்பு உதவித் தொகையும் பேறுகால உதவித் தொகையும் கைக்கு வரும் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுகின்றன. வேலை உறுதியான மாதமே நான்குக்கு நான்கு என்று மாற்றிவிடுங்கள்.

மருத்துவக் காப்பீட்டில், பொதுக் காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்தால் வருமானம் இல்லாத துணைவர் கூடுதல் கட்டணமின்றிச் சேர்ந்துகொள்வார். தனியார் காப்பீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கட்ட வேண்டும். இளம் வயதில் அது மலிவாகத் தோன்றினாலும், குழந்தை பெற எண்ணும் தம்பதியர் பொதுக் காப்பீட்டிலேயே இருப்பது நிம்மதி. அருகிலுள்ள குடும்ப மருத்துவர் ஒருவரிடம் உடல்நலம் நன்றாக இருக்கும்போதே பதிந்துகொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்தென்றால் 112, காவல் துறைக்கு 110, இரவில் காய்ச்சல்போன்ற பொறுக்கக்கூடிய தொல்லைகளுக்கு 116117. பெண்களுக்கு வன்முறையிலிருந்து உதவி பெற 116016 என்ற எண் இரவும் பகலும் பல மொழிகளில் இயங்குகிறது. தேவைப்படும் என்று யாரும் எண்ணி வருவதில்லை, இருந்தாலும் அந்த எண் ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுக்களையும் குளிரும்

மின்னழுத்தம் நம் ஊரைப்போலவே 230 வோல்ட் என்பதால் மிக்ஸியும் சிறிய கிரைண்டரும் ஓடும். மூன்று முனைச் செருகிக்கு மட்டும் உறுதியான மாற்றி வேண்டும். மிக்ஸியை இரவு 10 மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டாதீர்கள். அவை அமைதி நேரங்கள், அண்டைவீட்டார் மிகவும் மதிக்கும் விஷயம் அது. அடுப்பு பெரும்பாலும் கண்ணாடித் தட்டாக இருப்பதால் அடி தட்டையான குக்கரையும் வாணலியையும் கொண்டுவாருங்கள். குழிவான இரும்புச் சட்டி பயன்படாது.

இட்லி மாவு இங்கே ஓர் இரவில் பொங்காது. வீட்டுக்குள் 20 பாகைதான் இருக்கும். மாவுப் பாத்திரத்தை அடுப்புப் பெட்டிக்குள் (ஓவன்) வைத்து, சூட்டைப் போடாமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டால் குளிர்காலத்திலும் மறுநாள் மாவு எழும்பிவிடும். இட்லி அரிசி, உளுந்து, கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் மத்திய இரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்களிலுள்ள ஆசியக் கடைகளில் தேடலாம். கடைகள் திங்கள் முதல் சனி வரை இரவு 8 மணிக்கு மூடிவிடும், ஞாயிறு திறக்காது. வெள்ளிக்கிழமையே காய்கறி வாங்கும் பழக்கம் நல்லது.

தாளிப்புப் புகையும் சோற்று ஆவியும் குளிர்ந்த சுவரில் படிந்து பூஞ்சை பிடிப்பதுதான் நம்மவர் வீடுகளில் காணும் பெரிய குறை. ஜன்னலை லேசாகச் சாய்த்து நாள் முழுதும் விடுவதால் சுவர்தான் குளிரும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, ஐந்து முதல் பத்து நிமிடம், எல்லா ஜன்னல்களையும் முழுக்கத் திறந்து மூடுங்கள். சமைத்து முடித்தவுடன் ஒருமுறை கட்டாயம். பூஞ்சை வந்தால் முன்பணத்தில் கைவைப்பார்கள்.

டிசம்பரில் மாலை நாலரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். குளிர்காலத்தில் இந்தியாவோடு நாலரை மணி நேர வித்தியாசம், கோடையில் மூன்றரை. கணவர் அலுவலகத்தில் இருக்கும்போதுதான் ஊரில் அம்மாவுக்கு ஓய்வு நேரம் வரும். மனைவி நாள் முழுதும் தொலைபேசியிலேயே வாழும் நிலை இப்படித்தான் உருவாகிறது. அதற்கு மருந்து, காலை நேர ஜெர்மன் வகுப்பு. நகராட்சியின் 'ஃபோக்ஸ்ஹோக்‌ஷூலே' நடத்தும் வகுப்புகளில் பல நாட்டுப் பெண்கள் இதே நிலையில் வந்து அமர்வதால், மொழியோடு சிநேகமும் கிடைக்கும். கணவர்மார் வங்கியிலும் மருத்துவரிடமும் தாமே பேசி முடிக்காமல், தவறானாலும் மனைவி பேசட்டும் என்று பொறுத்திருக்க வேண்டும்.

திரும்பும் காலம் நெருங்கினால்

வாடகை வீட்டுக்கு மூன்று மாத முன்னறிவிப்பு தேவை. கையெழுத்திட்ட கடிதமாகவே அது போய்ச் சேர வேண்டும்; மின்னஞ்சல் செல்லாது. ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திட்டிருந்தால் இக்கடிதத்திலும் இருவரும் கையெழுத்திட வேண்டும். முகவரிப் பதிவை நீக்கும் 'அப்மெல்டுங்'கைப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து செய்யலாம். அந்தச் சான்றைக் காட்டினால்தான் இணையம், உடற்பயிற்சிக் கூடம் போன்ற ஒப்பந்தங்களை முடிப்பது எளிதாகும். முன்பணம் திரும்பிவரச் சில மாதங்கள் ஆகும் என்பதால் கூட்டுக் கணக்கை உடனே மூடிவிடாதீர்கள். வரி எண், ஓய்வூதியக் காப்பீட்டு எண், வேலை பார்த்த இடத்துச் சான்றிதழ் ஆகியவற்றை அவரவர் கோப்பில் அவரவர் எடுத்துச் செல்லுங்கள். அஞ்சல் பெட்டியிலுள்ள இரண்டு பெயர்களையும் சாவியை ஒப்படைக்கும் நாளில் கழற்றினால் போதும்.