தோட்டத்தை விட்டுப் போன பூச்செடிக்குப் புதுப் பெயர் வைக்குமுன்

வாவிக்கரையிலோ கிழக்கிலங்கையின் பாணமைக் காட்டோரத்திலோ அறிமுகமில்லாத பூவொன்றைக் கண்டதும் "புதிய இனம்" என்று சொல்ல மனம் துடிக்கும். அது முற்றத்து அழகுச் செடிகளின் வழிவந்ததாக இருக்கலாம் என்றால் இன்னும் நிதானம் வேண்டும்.

நிறத்தை நம்பாதீர்கள். நாயுண்ணியின் ஒரே கொத்தில் புதிதாய் விரிந்த பூ மஞ்சளாகவும், முதிர்ந்தது சிவப்பாகவோ ரோசாவாகவோ இருக்கும். பட்டிப்பூவில் வெள்ளையும் ரோசாவும் ஒரே இனம்தான்.

இரண்டு இனங்கள் கலந்து பிறந்த செடியை, அதாவது கலப்பிறப்பைக் கண்டதுமே தனி இனம் என்று எழுதுவதுதான் பெரிய தவறு. ஸ்கொட்லாந்தில் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்கக் கண்டங்களிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் அழகுக்காகக் கொண்டுபோன இரண்டு மிமுலஸ் இனங்கள் தோட்டங்களைத் தாண்டி ஓடைக்கரைகளில் கலந்தன. பிறந்த செடி நன்றாகப் பூத்துப் படர்ந்தது. ஆனால் மரபுப் பண்புகளைத் தாங்கும் நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) சரியாகச் சோடி சேராததால் அது மலடு. அதைக் கலப்பிறப்பு என்றே வைத்திருந்தார்கள். 2011இல் லெட்ஹில்ஸ் என்ற ஊருக்கருகே தாவர ஆய்வாளர் மரியோ வயேஹோ-மரீன் கண்ட செடியோ விதை கட்டியது. நிறமூர்த்தத் தொகுதி முழுவதும் இரட்டித்து 92 ஆகியிருந்ததால் ஒவ்வொன்றுக்கும் சோடி கிடைத்தது. 2012இல்தான் அது 'மிமுலஸ் பெரெக்ரினஸ்' என்று தனி இனமாக விபரிக்கப்பட்டது. பின்னர் ஓர்க்னித் தீவிலும் இதே மாற்றம் தனியாக நிகழ்ந்திருப்பது தெரியவந்தது.

ஆகவே விதையைப் பாருங்கள். மகரந்தம் நலமானதா, விதை முளைக்கிறதா, பிள்ளைச்செடி தாயைப் போலவே வருகிறதா? நிறமூர்த்தங்களை எண்ணாமல் இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. தண்டு முறிந்து வேரூன்றியே ஒரு செடி ஏக்கர் கணக்கில் பரவலாம். பரப்பு பெரிது என்பது சான்றாகாது.

பெற்றோரைத் தேடாமல் விடுவது அடுத்த தவறு. பூக்காத செடிதான் என்றாலும் நீரில் மிதக்கும் பன்னமான சல்வீனியா நல்ல பாடம். 1939இல் கொழும்புக்கு ஆய்வுக்காக வந்து வயலையும் குளத்தையும் மூடிய அது, நெடுங்காலம் வேறோர் இனத்தின் பெயரிலேயே அழைக்கப்பட்டது. கலப்பில் பிறந்த தனிச் செடியென்று பெயர் பெற்றது 1972இல். நம் பக்கத்தில் நான் முதலில் தேடுவது வெடேலியாவைத்தான். நிலம் மூட நட்ட அந்த மஞ்சள் பூக்கொடியும் நம் மஞ்சள் கரிசலாங்கண்ணியும் நெருங்கிய உறவு. தென் சீனாவில் இரண்டும் கலந்திருப்பது பதிவாகியுள்ளது. இரண்டும் அருகருகே வளரும் ஈரநிலங்களில் இடைப்பட்ட இலை உள்ள கொடி தென்பட்டால் மூன்றையுமே சேகரியுங்கள்.

பூவை மட்டும் கிள்ளி வருவதும் வீண். வேர், அடியிலை, காய் எல்லாம் வேண்டும். காய்ந்தால் மறையும் நிறத்தையும் மணத்தையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். ஒரே செடியைப் பார்த்து முடிவுகட்டாமல் பல இடங்களில் தேடுங்கள். இருக்கிற புதரையே வெட்டி வந்துவிடாதீர்கள்.

பெயர் செல்லுபடியாக விதிகள் உண்டு. பெயருக்கு ஆதாரமான மூல மாதிரி ஒன்று, உலர்த்திய செடிகளைப் பேணும், பேராதனையிலுள்ளது போன்ற உலர்தாவரகத்தில் இருக்க வேண்டும். மற்ற இனங்களிலிருந்து வேறுபடுவதெப்படி என்ற விபரிப்பு, 2012 முதல், லத்தீனிலோ ஆங்கிலத்திலோ முறையாக வெளியாக வேண்டும். முகநூலில் இட்ட படம் வெளியீடாகாது. லகுகல போன்ற தேசியப் பூங்காவில் சேகரிப்பதானால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியை முதலில் பெறுங்கள்.