குரங்கை நினைக்காமல் மருந்து குடிப்பது எப்படி? எடைக்குறைப்பு அறுவைக்குப் பிறகு ஓயாமல் வரும் சாப்பாட்டு நினைப்பு

பினாங்கில் நம்மவர்கள் காலையில் பார்த்துக்கொண்டால் முதலில் கேட்பது "பசியாறியாச்சா?" என்றுதான். இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் அறுவை முடிந்த பன்னிரண்டாம் நாள், ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி லிஃப்டில் பக்கத்து வீட்டு அக்கா அப்படிக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று காலை நான் குடித்தது வடிகட்டிய பருப்புத் தண்ணீர், அரைக் கிண்ணம். வயிறு நிறைந்திருந்தது, அதற்கு மேல் ஒரு மடக்கு இறங்காது. ஆனால் தலைக்குள் ரொட்டி சானாய் ஓடிக்கொண்டிருந்தது, பிய்க்கும்போது எழும் ஆவியோடு, கிண்ணத்து ஓரத்தில் வழியும் பருப்புக் குழம்போடு.

அந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஸ்லீவ் செய்துகொண்டவர்களுக்கும் இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு நேராக இணைக்கும் அறுவை) செய்துகொண்டவர்களுக்கும் பொருந்தும். உங்கள் சர்ஜனும் உணவியல் நிபுணரும் ஓர் அட்டவணை தந்திருப்பார்கள், அதோடு இங்கே ஏதாவது முட்டினால் அவர்கள் சொன்னதையே செய்யுங்கள்.

முதலில் ஒன்று: இது பேராசை இல்லை

ஸ்லீவ் அறுவையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது அந்த எடுக்கப்பட்ட மேல்பகுதியில்தான், அதனால் முதல் சில மாதங்கள் பலருக்கு வயிற்றுப் பசி நன்றாகக் குறைந்துவிடும். நினைப்பு வேறு வழியில் வருகிறது: வாசனை, பழகிய நேரம், பழகிய தெரு, கோபம், களைப்பு, சும்மா இருப்பது. இதெல்லாம் இருபது முப்பது வருடப் பழக்கம், ஓர் அறுவையில் போய்விடாது.

இன்னொரு காரணமும் உண்டு. உடம்புக்குள் போவது குறைந்தால் யாருக்குமே மனம் சாப்பாட்டைச் சுற்றத் தொடங்கும். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், தாங்களாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு 24 வாரம் அரை வயிற்றுச் சாப்பாடு மட்டும் கொடுத்துப் பார்த்தார். அதற்கு முன் சாப்பாட்டைப் பற்றிப் பெரிதாக யோசிக்காதவர்கள் அவர்கள். சில வாரங்களில் பேச்சு முழுக்கச் சாப்பாடாகிவிட்டது, சிலர் சமையல் புத்தகங்களை எடுத்துவைத்துப் படிக்க ஆரம்பித்தார்கள். எனக்கு இது தெரிந்தபோதுதான் மூச்சே வந்தது, ஏனென்றால் நானும் திரவ உணவு வாரங்களில் ராத்திரி இரண்டு மணி வரை சமையல் காணொலி பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு. கோளாறு இல்லை. குறைவாகச் சாப்பிடும் உடம்பு செய்கிற வேலைதான்.

படி 1: எந்தப் பசி என்று பாருங்கள்

நினைப்பு வந்த உடனே அதோடு சண்டை போடாதீர்கள். இந்த வரிசையில் பாருங்கள்.

கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தீர்கள்? ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது போக வேண்டும், ஆனால் இப்போது நம்மால் மடமடவென்று குடிக்க முடியாது, அதனால் தெரியாமலே குறைந்துவிடும். சின்னச் சின்ன மடக்காகக் கால் மணி நேரம் குடித்துப் பாருங்கள்.

கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், அதில் புரதம் இருந்ததா? மூன்று நான்கு மணி நேரம் ஆகிவிட்டது என்றால் அது நிஜப் பசியாகவே இருக்கலாம், அதற்குச் சாப்பிட வேண்டும். சிலர் பயந்துபோய் நிஜப் பசியையும் அடக்குகிறார்கள், அது மறுநாள் இரட்டிப்பாகத் திரும்பி வரும்.

அப்புறம் முட்டைக் கேள்வி. உப்பு மிளகு எதுவும் இல்லாத ஓர் அவித்த முட்டை இப்போது தந்தால் சாப்பிடுவேனா? ஆம் என்றால் அது வயிற்றுப் பசி. "முட்டை வேண்டாம், மீ கோரெங்தான் வேண்டும்" என்று மனம் சொன்னால் அது நினைப்பு. திரவ உணவில் இருப்பவர்கள் முட்டைக்குப் பதில் இனிப்பில்லாத புரத பானத்தை வைத்துக் கேட்டுக்கொள்ளலாம்.

நெஞ்சுக்குக் கீழே கிள்ளுவது போலவோ எரிவது போலவோ இருந்தால் அது அமிலமாக இருக்கலாம். ஸ்லீவுக்குப் பிறகு இது அடிக்கடி நடப்பது, பசி மாதிரியே ஏமாற்றும். நான் இரண்டு வாரம் அதைப் பசி என்றே நம்பினேன். டாக்டரிடம் சொன்னால் அமிலத்தைக் குறைக்கும் மருந்து வேண்டுமா என்று பார்ப்பார்.

படி 2: கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள்

பசி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், பிடிக்கவில்லை என்று ஒரு வேளையை விட்டுவிடவும் வேண்டாம். நேரம் குறித்து, சிறிய அளவில், புரதத்தை முதலில். ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது என்பதுதான் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம் அளவு. நம் வீட்டு கெம்போங் மீன், தாவ்ஃபூ, பருப்பு, தயிர் எல்லாம் இதற்கு நன்றாக உதவும். மெதுவாக, இருபது முப்பது நிமிடம் எடுத்து, கூழாகும் வரை மெல்லுங்கள். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

தே தாரிக் பற்றி மட்டும் தனியாகச் சொல்கிறேன். கெட்டிப் பாலும் சீனியும் சேர்ந்த திரவம் சிறிய வயிற்றில் தங்காது, வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், வயிறு நிறைந்ததாகச் சொல்லவே சொல்லாது. பைபாஸ் செய்தவர்களுக்குக் குடித்த அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றோட்டம் என்று டம்பிங் (உணவு குடலுக்குள் வேகமாக இறங்குவதால் வரும் தொல்லை) வரலாம். பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் கேட்டுப் பழகுங்கள். முதல் வாரம் கசக்கும், மூன்றாவது வாரம் பழகிவிடும்.

படி 3: ஒரு சின்ன நோட்டு

இதைத்தான் நீங்கள் கட்டாயம் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கலோரி எழுதும் நோட்டு இல்லை. நினைப்பு வரும்போது ஒரே ஒரு வரி: நேரம், இடம், என்ன சாப்பாடு, அதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன நடந்தது. என் நோட்டில் இருந்து மூன்று வரி:

மாலை 4.10, ஆபீஸ், வாழைக்காய் பஜ்ஜி. மேலாளர் கணக்கைத் திருப்பி அனுப்பினார்.
மாலை 6.20, லெபோ பாசார், வடை. வேலை முடிந்து பஸ்ஸுக்கு நடக்கிறேன்.
இரவு 9.40, சோபா, மீ கோரெங். கைப்பேசியில் காணொலி.

பத்து நாளில் 31 வரி சேர்ந்தது. அதில் 14 வரி மாலை நான்கு மணியைச் சுற்றியே இருந்தன. மேலாளர்மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன், ஆனால் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது: மதியச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு முடிந்துவிடும், அதற்குப் பிறகு மூன்றரை மணி நேரம் ஒன்றுமே இல்லை, மேசையில் தண்ணீர் பாட்டில் அப்படியே நிறைந்திருக்கும். பாதி நினைப்பு, பாதி நிஜப் பசி. மறுநாளிலிருந்து மூன்றே முக்காலுக்கு ஓர் அவித்த முட்டை, முன்னாலேயே தண்ணீர். நான்கு மணி வரிகள் அடுத்த வாரம் மூன்றாகக் குறைந்தன.

ஆறு மணி வரிகளுக்கு வேறு வழி தேவைப்பட்டது. என் ஆபீஸ் லெபோ கெரேஜா பக்கம். பஸ் ஏறக் கொம்தாருக்கு, லெபோ பாசார் இருக்கும் லிட்டில் இந்தியா வழியாக நடந்தால் எண்ணெய்ச் சட்டி வாசனை இரண்டு பக்கமும் இழுக்கும். இப்போது ஜெட்டி பஸ் நிலையத்துக்குப் போய் அங்கேயே ஏறிக்கொள்கிறேன், கடல் காற்றுதான் வரும், உட்கார இடமும் கிடைக்கும். வாழ்நாள் முழுக்க லெபோ பாசாரைத் தவிர்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. முதல் ஆறு மாதம் பாதையை மாற்றிக்கொள்வது கோழைத்தனம் ஆகாது.

படி 4: விரட்டாமல் கடந்து போக விடுங்கள்

மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று சொன்னால் என்ன ஆகும் என்று நம் பாட்டிமார்களுக்கு எப்போதோ தெரியும். "நாசி கண்டாரை நினைக்கக் கூடாது" என்று பல்லைக் கடிக்கும்போது அது தட்டோடு வந்து முன்னால் உட்கார்ந்துவிடும். அதனால் வந்ததை வந்தது என்று ஒத்துக்கொள்ளுங்கள். "சரி, வந்திருக்கிறாய், இருந்துவிட்டுப் போ" என்று மனத்துக்குள் சொல்லி நேரத்தைப் பாருங்கள். ஆசை அலை மாதிரி ஏறும், உச்சிக்குப் போகும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும்.

அந்த நேரத்தில் என்ன செய்வது? டிவி போதாது. ஆசைக்குத் தீனி போடுவது மனத்துக்குள் ஓடும் படம், அதனால் கண்ணையும் மனக்கண்ணையும் சேர்த்துப் பிடிக்கிற வேலை வேண்டும். கட்டங்களை அடுக்கும் டெட்ரிஸ் விளையாட்டை வைத்து இங்கிலாந்தில் இதைச் சோதித்திருக்கிறார்கள், சில நிமிடம் விளையாடினாலே ஆசையின் வேகம் குறைந்தது. எனக்குக் கை கொடுத்தது புள்ளிக் கோலம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஏழு புள்ளி, நாலு வரை ஊடுபுள்ளி. வளைவு எந்தப் புள்ளியைச் சுற்றி எங்கே திரும்புகிறது என்று யோசிக்கும்போது அந்த இடத்தில் பஜ்ஜிக்கு இடமே இருக்காது. கோலம் முடிய எனக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். பேனாவை மூடும்போது பெரும்பாலும் நினைப்பு மங்கியிருக்கும், மங்கவில்லை என்றால் இன்னொன்று.

கைப்பேசியில் சமையல் காணொலிகளை மூன்று மாதம் நிறுத்திவையுங்கள், சாப்பாட்டு டெலிவரி செயலிகளின் அறிவிப்பையும் அணைத்துவிடுங்கள். ஒன்பதே முக்கால் சோபா வரிகள் எனக்குப் போனது அப்படித்தான், வேறு எந்த வித்தையும் செய்யவில்லை.

படி 5: மனிதர்கள்

நம் ஊரில் இதுதான் கடினம், அன்போடு ஊட்டுகிறவர்களிடம் என்ன சொல்வது? அம்மா சுங்கைப்பட்டாணியில் இருக்கிறார். தினமும் போன் செய்து, "என்ன சாப்பிட்டே, அவ்வளவுதானா" என்பார். ஒரு நாள் நேரில் போய் உட்கார வைத்து விளக்கினேன்: "அம்மா, என் வயிறு இப்போ ஒரு வாழைப்பழ அளவுதான். நீங்க ஆக்கிக் கொடுங்க, ஆனா நாலு கரண்டிக்கு மேல கேட்காதீங்க." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எழுந்துபோய் மீனை முள்ளெடுத்து, ஊறுகாய்க் கிண்ணத்தில் வைத்துக் கொண்டுவந்தார். இன்றும் அந்தக் கிண்ணத்தில்தான் சாப்பிடுகிறேன்.

வெளியே போனால் எல்லோருக்கும் அறுவைக் கதை சொல்ல வேண்டியதில்லை. "டாக்டர் கொஞ்சமாத்தான் சாப்பிடச் சொல்லியிருக்கார்" என்ற ஒரு வரி போதும், அதையே திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். மாமாக் கடைக்கு (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) நண்பர்களோடு போகலாம், உட்காருவதற்கு முன்பே என்ன கேட்கப்போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டுப் போங்கள்: ஒரு துண்டு மீன், இரண்டு வெண்டைக்காய், சோறு இரண்டு கரண்டி, குழம்பு தனியாக. தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போகும் வழியெல்லாம் பந்தல், கொடுப்பதை மறுக்க மனம் வராது. நான் சின்ன டப்பா ஒன்று எடுத்துப்போய் வாங்கி வைத்துக்கொண்டேன், வீட்டுக்கு வந்து எல்லோருக்கும் கொடுத்தேன்.

இத்தனைக்குப் பிறகும் சில மாலைகளில் வெறுமை வரும். களைத்துப் போனால், யாரோடாவது மனத்தாங்கல் என்றால், சாப்பாடுதான் நமக்குத் துணையாக இருந்தது, அந்தத் துணை போய்விட்டது. அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். ஆனால் அந்த இடத்தில் மதுவைக் கொண்டுவந்து வைக்காதீர்கள். பைபாஸ், ஸ்லீவ் இரண்டுக்கும் பிறகு போதை சீக்கிரம் ஏறும், கொஞ்சம் கொஞ்சமாக அதுவே புதுப் பழக்கமாகும் ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது.

எப்போது உதவி கேட்க வேண்டும்

நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்துக்கொண்டே இருப்பது, நிறுத்த முடியாமல் சாப்பிடுவது, மென்று துப்புவது, வேண்டுமென்றே வாந்தி எடுப்பது, ஒளித்துச் சாப்பிடுவது. இதில் ஒன்று ஆரம்பித்தாலும் உணவியல் நிபுணரிடமும் மனநல ஆலோசகரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள், அவர்கள் இதைப் பலரிடம் கேட்டிருப்பார்கள். இனிப்போ மாவுப் பொருளோ சாப்பிட்டு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் திடீர்ப் பசியோடு கை நடுங்கி வியர்த்தால் அது இரத்தச் சர்க்கரை இறங்குவதாக இருக்கலாம், டாக்டரிடம் காட்ட வேண்டும். விடாத வாந்தி, தண்ணீர்கூடத் தங்காமல் போவது, காய்ச்சல், கடும் வயிற்று வலி, வேகமான நாடித்துடிப்பு என்றால் அன்றைக்கே மருத்துவமனை. பல நாள் வாந்தியில் வைட்டமின் பி1 குறைந்து நரம்பையும் மூளையையும் தாக்கலாம்.

மனம் மிகவும் கனத்தால் மலேசிய சுகாதார அமைச்சின் மனநல உதவிக்கான ஹீல் எண் 15555 இருக்கிறது. அதைக் கைப்பேசியில் இப்போதே பதிந்துவையுங்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது நோட்டையும் எடுத்துப்போங்கள். என் உணவியல் நிபுணர் முதலில் எடையைக் கேட்பார் என்று நினைத்தேன், அவர் நோட்டைத்தான் வாங்கினார், கடைசிப் பக்கத்துக் கோலங்கள் வரை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, நான்கு மணி வரிகளின் கீழே பென்சிலால் கோடு போட்டு, "இங்கே ஆரம்பிப்போம்" என்றார்.