புளியங்கொட்டையும் ஒரு நாற்பது பக்க நோட்டும்: வேலையிடத்தில் நம்மை நாமே கவனிக்கத் தொடங்குவது எப்படி

ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு நான் சூப்பர்வைசர். யார் என்ன சொன்னாலும் பொறுமையாகக் கேட்கிற ஆள் என்றுதான் என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் லைனில் ஒரு அக்கா, ஊசி மழுங்கித் தோலைக் கீறுது என்று சொல்ல வந்தார். "சார், இந்த மெஷின்ல..." என்று அவர் வாயைத் திறந்ததுமே "சரி சரி, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். 36 ஜோடி அப்பர் (ஷூவின் மேல்பாகம்) வீணாய்ப் போனது. துணி என்றால் பிரித்துத் தைக்கலாம், தோலில் ஊசி போன துளை போனதுதான், மூடாது.

மேலே போய் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து, "முன்னாடியே சொல்லக்கூடாதாம்மா?" என்று அவரிடமே கேட்டேன்.

"சொல்லத்தான் வந்தேன் சார். நீங்கதான் சரி சரின்ட்டு போய்ட்டீங்க. இன்னா பேசினாலும் அதானே சொல்றீங்க."

பக்கத்து மெஷின்களில் ரெண்டு பேர் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். லைன் முழுக்கத் தெரிந்த ஒரு விஷயம் எனக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது.

இதற்கு ஒரு படமே உண்டு. 1955ல் ஜோசப் லஃப்ட், ஹாரிங்டன் இங்காம் என்று இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் போட்டது. ஜோ, ஹாரி என்ற இருவர் பெயரையும் ஒட்டவைத்து ஜோஹாரி சாளரம் என்கிறார்கள். ஒரு சதுரம், நாலு கட்டம். எனக்கும் தெரிந்து மற்றவர்களுக்கும் தெரிந்தது, எனக்கு மட்டும் தெரிந்தது, யாருக்குமே தெரியாதது, அப்புறம் மற்றவர்களுக்குத் தெரிந்து எனக்குத் தெரியாதது. என்னுடைய "சரி சரி" அந்தக் கடைசிக் கட்டத்தில் உட்கார்ந்திருந்தது. அதை வெளியே எடுக்க நான் செய்ததைத்தான் கீழே எழுதுகிறேன். ஆஸ்பத்திரி வார்டோ, பேங்க் கவுண்டரோ, காலேஜ் ஆபீஸோ, எங்கே வேலை பார்த்தாலும் செய்து பார்க்கலாம்.

படி 1: ஒரே ஒரு பழக்கம்

"நான் எப்படிப்பட்டவன்" என்று ஆரம்பித்தால் ஒரு வாரம் மொட்டைமாடியில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கலாம், அவ்வளவுதான். கண்ணால் பார்க்க, காதால் கேட்க முடிகிற ஒரு பழக்கத்தை எடுங்கள். எதை எடுப்பது என்று தெரியவில்லையா? ஒருவரையொருவர் தெரியாத இரண்டு பேர் உங்களிடம் ஒரே குறையைச் சொல்லியிருந்தால் அதை எடுங்கள். எனக்கு வேலையில் அந்த அக்கா, வீட்டில் என் மனைவி.

படி 2: எண்ணுங்கள், திருத்தாதீர்கள்

காலையில் ஒரு முப்பது புளியங்கொட்டையை பேன்ட்டின் இடது பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போவேன் (சட்டைப் பாக்கெட்டில் போட்டால் குனியும்போது கொட்டும், அனுபவம்). ஒவ்வொரு "சரி சரி"க்கும் ஒரு கொட்டை வலது பாக்கெட்டுக்கு. முதல் நாள் ஏழெட்டு வரும் என்று நினைத்தேன். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் எண்ணிப் பார்த்தால் 23. அதுவும் கவனித்தவை மட்டும். இந்த முதல் வாரத்தில் மாற முயற்சி செய்யவே வேண்டாம், எண்ணினால் போதும். திருத்தவும் ஆரம்பித்துவிட்டால், குறைவாகக் காட்டவேண்டும் என்று நம் கை நம்மையே ஏமாற்றும்.

படி 3: கேமரா பார்த்ததை எழுதுங்கள்

முக்கியமான படி இது, சொதப்புவதும் இங்கேதான். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி தினமும் ஒரு சம்பவம் எழுதுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் கேமராவில் எது பதிவாகியிருக்குமோ அதை மட்டும். என் முதல் பக்கத்தில் "இன்று டென்ஷன், கோபப்பட்டேன், ஆனால் அவங்களும் லேட்" என்று இருந்தது. அது நோட்டு இல்லை, வக்கீல் வாதம். இரண்டாம் வாரத்தில் இப்படி மாறியது: "மதியம் 2.40. செக்கிங் பையன் பேச வந்தான். மூன்றாவது வார்த்தையில் சரி சரி. கண் மொபைலில். அவன் திரும்பிப் போனான்." நேரம், யார், நான் என்ன செய்தேன், அதற்கு சற்று முன்னால் என்ன நடந்தது. இந்த நாலும் இருந்தால் போதும்.

பத்து நாளில் ஒரு ஒழுங்கு தெரியும். எனக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டிலிருந்து மூன்றரை வரைக்கும்தான் அதிகம், ஷிப்மெண்ட் நெருங்கினால் நாள் முழுக்க. அது கத்திரி வெயில் சமயம் வேறு. நம்ம வேலூர் பக்கத்து வெயிலைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை, 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் தகர ஷெட்டுக்குள் யாருக்கும் காது கேட்காது. ஆனால் எழுதிப் பார்த்தபோது தெரிந்தது, அதே இரண்டரை மணிக்கு மேனேஜர் வந்து பேசினால் எனக்குக் காது நன்றாகவே கேட்டிருக்கிறது, ஒரு "சரி சரி"கூட இல்லை. வெயில்மேல் பழி போட முடியவில்லை.

படி 4: ஒருவரிடம் கேளுங்கள்

"நான் எப்படிங்க?" என்று கேட்டால் நம் ஊரில் "உங்களுக்கு இன்னா சார், தங்கமான மனுஷன்" என்பார்கள். சம்பளமும் லீவும் நம் கையெழுத்தில் இருக்கும்போது வேறு என்ன சொல்வார்கள்? அதனால் கேள்வியைக் குறுக்குங்கள்: "இந்த வாரம் நீங்க பேசும்போது நான் எப்ப குறுக்கே பேசினேன்?" டீ பிரேக்கில், தனியாக, முடிந்தால் உங்களுக்குக் கீழே வேலை செய்யாத ஒருவரிடம். பதில் வந்ததும் "சொன்னதுக்கு தேங்க்ஸ்" என்பதோடு வாயை மூடிக்கொள்ளுங்கள். "அது எதுக்குன்னா..." என்று ஆரம்பித்தால் அந்த ஆள் அடுத்த முறை சொல்லமாட்டார்.

படி 5: மாற்று

"இனி பொறுமையாக இருப்பேன்" என்பது வேலைக்கு ஆகாது. ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999ல் எழுதிய ஒரு கட்டுரையில் சொல்லும் வழி எளிது: 'இது நடந்தால், நான் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது. என்னுடையது, "யாராவது 'சார்' என்றால், மொபைலை பாக்கெட்டில் போடுவேன்." அவ்வளவுதான். மொபைல் உள்ளே போனால் கண் தானாக ஆள்மேல் போகிறது.

மூன்றாம் வாரம் சாதாரண நாளில் நாலைந்து கொட்டை. ஷிப்மெண்டுக்கு முந்தைய நாள் 14, நோட்டில் அதையும் அப்படியே எழுதினேன். அந்த அக்காவிடம் கொட்டைக் கதையைச் சொன்னேன், "இன்னிக்கு எத்தினி சார்?" என்று இப்போது தினமும் பஸ்ஸில் கேட்கிறார்.