ஆட்டோகேட் படிக்கும் பிள்ளைக்கு லேப்டாப் வாங்கும் முன்

பாலிடெக்னிக்கில் சிவில், மெக்கானிக்கல் படிப்பவர்களுக்கு லேப்டாப் வாங்கும்போது கிராபிக்ஸ் கார்டுக்காகக் கடன் வாங்காதீர்கள். ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் 2டி வரைய அது தேவையில்லை. ரெவிட், சாலிட்வொர்க்ஸ் என்று 3டி பக்கம் போகிறவர்களுக்குத்தான் வேண்டும். அந்தப் பணத்தை ரேமில் போடுங்கள், 16 ஜிபி. கட்டுப்படியாகவில்லையா, சரி, 8 ஜிபி எடுங்கள். ஆனால் இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும். சில மாடல்களில் ரேமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், பிறகு கூட்ட முடியாது. ஹார்ட் டிஸ்க் வேண்டாம், எஸ்எஸ்டி.

அப்புறம், சக்கரம் வைத்த மவுஸ் ஒன்று கட்டாயம். உருட்டினால் ஜூம், அழுத்திப் பிடித்து இழுத்தால் வரைபடமே நகரும். டச்பேடில் அந்த வேகம் வராது. ஆட்டோகேடுக்குக் காசு வேண்டாம். மாணவர்களுக்கு அதைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் ஓராண்டு உரிமத்தை இலவசமாகத் தருகிறது, படிக்கும்வரை புதுப்பிக்கலாம்.